பழைய போனைத் திருப்பி எடுத்துக்கறது கம்பெனியோட வேலை, கூச்சப்படாம குடுங்க

புது போன் வந்ததும் பழசு டிராயருக்குள்ள போயிடுது. கொஞ்ச நாள்ல அது பக்கத்துல ஒரு சார்ஜர், ஒரு காது மட்டும் கேக்கற இயர்போன், ஆன் ஆகாத டேப்லெட்னு ஒரு குவியலே சேர்ந்துடுது. இதையெல்லாம் செஞ்ச கம்பெனிகிட்டயே குடுத்துடலாமேன்னு சொன்னா நிறைய பேர் தயங்கறாங்க, ஓட்டை உடைசலைக் கொண்டு போய் நின்னா என்ன நினைப்பாங்க, புதுசு வாங்கினாத்தான எடுத்துப்பாங்க, அதெல்லாம் சும்மா விளம்பரத்துக்குப் போடறதுன்னு. இந்தத் தயக்கம் தேவையே இல்லைன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. திருப்பி எடுத்துக்கறது அவங்க நமக்குப் பண்ற உபகாரம் இல்லீங்க. அது அவங்க கடமை, பல நாடுகள்ல சட்டமே அப்படித்தான் சொல்லுது.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாத்தா ரொம்ப எளிமையான ஒரு நியாயம் இதுக்குப் பின்னாடி இருக்கு. 1990ல ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்துல இருந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட், அந்த நாட்டு சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதின ஒரு அறிக்கையில, ஒரு பொருளோட கடைசிக் காலத்துக்கும் அதைச் செஞ்சவங்கதான் பொறுப்புன்னு ஒரு யோசனையை வெச்சாரு. அதுவரைக்கும் பொருளை வித்த நிமிஷத்தோட கம்பெனி கையைக் கழுவிடும், குப்பையா ஆனதுக்கப்புறம் நகராட்சி பாத்துக்கணும், அதாவது நம்ம வரிப்பணம் பாத்துக்கணும். ஆனா பேட்டரியை ஸ்க்ரூ போட்டு வெக்கறதா பசை போட்டு ஒட்டறதான்னு முடிவு பண்றது நகராட்சி இல்லையே, கம்பெனிதான? கழட்டறதுக்கு ஆகற செலவு அவங்க தலையிலயே விழுந்தாத்தான் டிசைன் பண்ற மேஜையிலயே அதைப் பத்தி யோசிப்பாங்க. இதுதான் மொத்த தத்துவமும்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு நாடா இதை எடுத்துக்கிச்சு. ஜப்பான்ல 2001லேர்ந்து டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நாலுக்கும் தனிச் சட்டம், தூக்கிப் போடறப்ப மக்கள் ஒரு கட்டணம் கட்டணும், கடைக்காரர் வாங்கி அனுப்பணும், தயாரிச்ச கம்பெனி பிரிச்சு எடுக்கணும். ஐரோப்பிய ஒன்றியம் 2002ல சட்டம் போட்டு 2012ல அதைத் திருத்தி எழுதுச்சு, அங்க மறுசுழற்சிச் செலவு தயாரிப்பாளர் தலையில, அதாவது பொருளோட விலைக்குள்ளயே அடங்கிடும். மின் பொருள் விக்கற இடம் 400 சதுர மீட்டருக்கு மேல இருக்கற கடைன்னா 25 சென்டிமீட்டருக்குள்ள அடங்கற எந்தக் குட்டிக் கருவியையும் காசு வாங்காம எடுத்துக்கணும், நீங்க அங்க எதுவும் வாங்கணும்னு அவசியமே இல்ல. 2023 நடுவுல கணக்கெடுத்தப்ப உலகத்துல 81 நாடுகள்ல மின் கழிவுக்குன்னு சட்டமோ கொள்கையோ இருந்துச்சு, அதுல 67 நாடுகள்ல தயாரிப்பாளர் பொறுப்புங்கற விஷயமும் உள்ள இருக்கு.

ஆக அந்தச் சட்டம் இருக்கற ஊர்கள்ல எல்லாம் இந்த வேலைக்கான காசை ஏதோ ஒரு வழியில நாமதான் குடுக்கறோம், குடுக்கறதுக்கான சேவையைத்தான் வாங்கிக்கப் போறோம்.

இவ்ளோ சட்டம் இருந்தும் நிலைமை என்னன்னு கேட்டா மனசு கனக்குது. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் சேர்ந்து வெளியிடற மின் கழிவு அறிக்கைப்படி 2022ல மட்டும் உலகம் தூக்கிப் போட்ட மின் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன், அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி பண்ணினதா கணக்குல வந்தது 22.3 சதவீதம்தான். மிச்சம்? கொஞ்சம் நம்ம டிராயர்ல, கொஞ்சம் சாதாரண குப்பையோட குப்பையா, இன்னும் கொஞ்சம் எங்கேயோ ஒரு வெட்டவெளியில செம்புக்காக கேபிளை எரிக்கறவங்க கையில. அந்தப் புகையை சுவாசிக்கறவங்க நம்ம போனை ஒரு நாள் கூட யூஸ் பண்ணினவங்க இல்ல. எனக்கு இந்த விஷயத்துல இவ்ளோ அக்கறை வர்றதுக்கு அதுதான் முதல் காரணம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். கம்பெனிகள் திருப்பி எடுக்கறதுல ரெண்டு பாதை இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு எக்ஸ்சேஞ்ச், அதாவது ட்ரேட்-இன், பழசுக்கு ஒரு மதிப்புப் போட்டு புதுசோட விலையில கழிச்சுக்கறது இல்ல கிஃப்ட் கார்டா தர்றது. இன்னொண்ணு வெறும் மறுசுழற்சி, காசு கிடைக்காது, ஆனா எந்த நிலைமையில இருந்தாலும் எடுத்துப்பாங்க. டெல் 2006லயே தன்னோட பொருளுக்கு புதுசு வாங்கணும்ங்கற நிபந்தனை இல்லாம இலவச மறுசுழற்சின்னு அறிவிச்சுது, எச்பி 1991லேர்ந்து பிரிண்டர் கார்ட்ரிட்ஜைத் திருப்பி எடுக்குது. பல கம்பெனிகள் இந்த ரெண்டாவது பாதையைப் பத்தி சத்தமாவே பேசறதில்ல. வெப்சைட்ல எக்ஸ்சேஞ்சுக்கு பெரிய பேனர் இருக்கும், மறுசுழற்சி அடியில குட்டி எழுத்துல எங்கேயாவது இருக்கும், தேடிப் போய்தான் எடுக்கணும்.

எக்ஸ்சேஞ்ச்ல பெரும்பாலும் பேர்தான் போன் கம்பெனியோடது, பின்னாடி வேலை பாக்கறது வேற ஒரு நிறுவனம். நம்ம போன் அங்க போனதும் ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற ஐஎம்இஐ நம்பரை வெச்சு திருட்டு போனான்னு பாப்பாங்க, லாக் இருக்கான்னு பாப்பாங்க, அப்புறம் ஸ்க்ரீன், பாடி, பேட்டரி எல்லாம் சோதிச்சு கிரேடு போடுவாங்க. நல்லா இருந்தா சுத்தம் பண்ணி மறுபடி விக்கப் போகும், சுமாரா இருந்தா உதிரி பாகத்துக்குப் போகும், ஒண்ணுத்துக்கும் ஆகலைன்னாதான் உடைச்சு உருக்கப் போகும். நாமளே வெளியில வித்தா வழக்கமா இதைவிட அதிகம் கிடைக்கும்ங்கறது உண்மைதான், ஆனா அந்த அலைச்சலும் பேரமும் வேண்டாம்னு நினைக்கறவங்களுக்கு இது போதும். ஒண்ணே ஒண்ணு, நாள் ஆக ஆக மதிப்பு இறங்கிட்டேதான் போகும், புது மாடல் வந்த உடனே சட்டுன்னு இறங்கும், அதனால குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா டிராயர்ல போட்டு ஊற வெக்காதீங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா லேப்டாப்பை இப்படி அனுப்பினாங்க, ஆன்லைன்ல காட்டின மதிப்பு ஒண்ணு, பெட்டி போய்ச் சேர்ந்ததும் வந்த மெயில்ல வேற, ஸ்க்ரீன்ல கோடு இருக்குன்னு சொல்லி பாதிக்கும் கீழ குறைச்சிருந்தாங்க. அவங்க பேக் பண்றதுக்கு முன்னாடி ஸ்க்ரீனை ஆன் பண்ணி வீடியோ எடுத்து வெச்சிருந்ததால அதை அனுப்பி சண்டை போட்டு முழு மதிப்பையும் வாங்கினாங்க. அதுலேர்ந்து நான் எல்லார்கிட்டயும் சொல்றது, நாலு பக்கமும் போட்டோ, ஸ்க்ரீன் எரியற வீடியோ, ஸ்டார் ஹேஷ் பூஜ்யம் ஆறு ஹேஷ் அடிச்சா வர்ற ஐஎம்இஐ நம்பர், இதெல்லாம் எடுத்து வெச்சுட்டுதான் பெட்டியை ஒட்டணும், அதோட மதிப்பு குறைஞ்சா காசு வாங்காம திருப்பி அனுப்புவாங்களான்னு நிபந்தனையில முன்னாடியே படிச்சுடணும்.

எந்தப் பாதைன்னு முடிவு பண்றப்ப என் கருத்து இதுதான். ஓடற போன்னா அது ஓடிட்டே இருக்கணும். ஆப்பிள் தன்னோட ஐபோன்களுக்கு வெளியிடற சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பாத்தீங்கன்னா ஒரு போனோட ஆயுசுல வெளியாகற கார்பன்ல சுமார் 80 சதவீதம் அதைத் தயாரிக்கறப்பவே வந்துடுது, நாம சார்ஜ் போட்டு யூஸ் பண்றதெல்லாம் சின்னப் பங்குதான். அப்போ பேட்டரி மாத்தி வீட்டுல யாருக்காவது குடுத்தா அதுதான் முதல் தரம், எக்ஸ்சேஞ்ச்ல போய் வேற ஒருத்தர் கைக்குப் போனா ரெண்டாவது, உருக்கற ஆலை கடைசி.

உருக்கறதைப் பத்தியும் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா எனக்கு இதுல இருக்கற ஆர்வம் அப்படி. முதல்ல பேட்டரியைத் தனியா எடுக்கணும், இல்லைன்னா தீப்பிடிக்கும். அப்புறம் இயந்திரத்துல போட்டு துண்டு துண்டா நொறுக்கி, காந்தம் வெச்சு இரும்பைப் பிரிச்சு, அலுமினியத்தைத் தனியா தள்ளி, சர்க்யூட் போர்டு துண்டுகளை செம்பு உருக்கற பெரிய ஆலைக்கு அனுப்புவாங்க. பெல்ஜியத்துல ஹோபோக்கன்ல யூமிகோர் ஆலை, ஸ்வீடன்ல ரொன்ஷேர்ல போலிடன் ஆலை மாதிரி உலகத்துல கொஞ்ச இடங்கள்லதான் இது பெரிய அளவுல நடக்குது. உருகின செம்புக்குள்ள தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாம் போய் சேர்ந்துக்கும், அப்புறம் மின்சாரம் விட்டு செம்பைச் சுத்தம் பண்றப்ப மத்ததெல்லாம் அடியில படியும், அந்தப் படிவுலேர்ந்து ஒவ்வொண்ணா எடுப்பாங்க. ஹோபோக்கன்ல 17 வகை உலோகம் எடுக்கறாங்க. பத்து லட்சம் போன்லேர்ந்து சுமார் 16 டன் செம்பு, 350 கிலோ வெள்ளி, 34 கிலோ தங்கம், 15 கிலோ பல்லேடியம் கிடைக்கும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கு சொல்லுது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் பதக்கங்களுக்கான உலோகத்தை 2017லேர்ந்து 2019 வரைக்கும் மக்கள் குடுத்த பழைய கருவிகள்லேர்ந்துதான் எடுத்தாங்க, அதுல மட்டும் 62 லட்சம் மொபைல் போன், கிடைச்ச தங்கம் 32 கிலோ. மக்கள் டிராயர்லேர்ந்து எடுத்துக் குடுத்ததுதான் அத்தனையும், அதை நினைச்சாலே எனக்கு சந்தோஷமா இருக்கும்.

ஆனா உருக்கற ஆலையால எல்லாத்தையும் காப்பாத்த முடியாது. ஸ்பீக்கர்லயும் வைப்ரேட்டர்லயும் இருக்கற குட்டிக் காந்தங்கள்ல நியோடைமியம் மாதிரி அரிய மண் தனிமங்கள் இருக்கு, நொறுக்கறப்ப அந்தக் காந்தம் பொடியாகி இரும்போட ஒட்டிக்கும், அதோட அது போச்சு. உலகத்துக்குத் தேவைப்படற அரிய மண் தனிமங்கள்ல ஒரு சதவீதம் கூட மின் கழிவுலேர்ந்து கிடைக்கறதில்ல. இங்கதான் செஞ்ச கம்பெனியே எடுக்கணும்ங்கறதோட முழு அர்த்தமும் தெரியும், ஏன்னா எந்த ஸ்க்ரூ எங்க இருக்கு, எந்த மாடல்ல காந்தம் எந்த மூலையிலன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆப்பிள் 2018ல டெய்சின்னு ஒரு ரோபோவைக் காட்டுச்சு, ஒரு மணி நேரத்துக்கு 200 ஐபோன் வரைக்கும் நொறுக்காம கழட்டும், பாகம் பாகமா தனித்தனியா விழும். ஒரு மெஷின் வருஷத்துக்கு 12 லட்சம் போன் வரைக்கும் கழட்ட முடியும்னு சொல்றாங்க. நல்ல விஷயம்தான், ஆனா அவங்க ஒரு வருஷத்துல விக்கற ஐபோன் 20 கோடிக்கு மேல, அந்த எண்ணிக்கைக்கு முன்னாடி இது ரொம்பச் சின்னது, இதை நாம சொல்லிக்கிட்டே இருக்கணும்.

அடுத்து, குடுத்தது உண்மையிலேயே மறுசுழற்சிக்குத்தான் போகுதாங்கற சந்தேகம். நியாயமான சந்தேகம். பேசல் ஆக்ஷன் நெட்வொர்க்ங்கற அமைப்பு அமெரிக்காவுல 200 பழைய பிரிண்டர், மானிட்டருக்குள்ள ஜிபிஎஸ் ட்ராக்கரை ஒளிச்சு வெச்சு மறுசுழற்சிக்குன்னு குடுத்துப் பாத்தாங்க, 2016ல முடிவை வெளியிட்டாங்க, கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கடல் தாண்டிப் போயிருந்துச்சு, பெரும்பாலும் ஹாங்காங் பக்கம். 2020ல ஆப்பிளே கனடாவுல ஒரு மறுசுழற்சி நிறுவனத்து மேல வழக்குப் போட்டுச்சு, உடைக்கச் சொல்லிக் குடுத்த கருவிகள்ல சுமார் ஒரு லட்சத்தைத் திருட்டுத்தனமா வித்துட்டாங்கன்னு, சில ஊழியர்கள் செஞ்ச வேலைன்னு அந்த நிறுவனம் பதில் சொல்லுச்சு. இதுல யார் சொல்றது சரிங்கறது இருக்கட்டும், எனக்கு வலிக்கறது வேற. அத்தனை கருவி மறுபடி விக்கற அளவுக்கு நல்லா இருந்துச்சுன்னா அதையெல்லாம் எதுக்கு உடைக்கச் சொன்னாங்க? அதை ஆப்பிள்தான் சொல்லணும்.

இதைக் கேட்டுட்டு அப்போ குடுக்கவே வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க, குடுங்க, குடுத்துட்டு கேளுங்க. முறையா மறுசுழற்சி பண்றவங்களுக்குத் தர்ற ஆர்2, ஈ-ஸ்டூவர்ட்ஸ்னு ரெண்டு சான்றிதழ் இருக்கு, எந்த ஆலைக்கு அனுப்பறாங்க, அந்த ஆலைகிட்ட இதுல ஒண்ணாவது இருக்கான்னு கேக்கலாம். கழிவை நாடு விட்டு நாடு அனுப்பறதைக் கட்டுப்படுத்தற பேசல் உடன்படிக்கையில 2025 ஜனவரி 1லேர்ந்து எந்த மின் கழிவா இருந்தாலும், அதாவது ஆபத்தானதுன்னு வகைப்படுத்தாததா இருந்தாலும், வாங்கற நாடு முன்கூட்டியே ஒத்துக்கிட்டாத்தான் எல்லை தாண்டி அனுப்பலாம்னு ஆகியிருக்கு, ஆக கேள்வி கேக்கறவங்களுக்கு இப்ப பிடி கொஞ்சம் பலமா இருக்கு.

குடுக்கறதுக்கு முன்னாடி டேட்டா விஷயம். இதுல பயந்துதான் நிறைய பேர் போனையே குடுக்காம வெச்சிருக்காங்க, பயப்பட வேண்டியதில்ல, வரிசையா செஞ்சா போதும். முதல்ல பேக்கப். அடுத்து பேங்க் ஆப், ஓடிபி வர்ற ஆத்தென்டிகேட்டர் ஆப் எல்லாம் புது போனுக்கு மாறிடுச்சான்னு ஒரு தடவை லாகின் பண்ணிப் பாத்துக்கணும். அப்புறம் முக்கியமானது, ரீசெட் பண்றதுக்கு முன்னாடி கூகுள் அக்கவுண்ட், ஐகிளவுட், எது இருக்கோ அதுலேர்ந்து வெளிய வந்துடணும், இல்லைன்னா போன் பூட்டின மாதிரியே போய்ச் சேரும், நல்ல போனா இருந்தாலும் அதை யாராலயும் திறக்க முடியாது, வேற வழியில்லாம உடைக்கத்தான் அனுப்புவாங்க. ஒரு சைன் அவுட் பண்ணாததால ஒரு முழு போன் சாகுது. அப்புறம் சிம், மெமரி கார்டு எடுத்துட்டு ஃபேக்டரி ரீசெட். இப்ப வர்ற போன்கள்ல டேட்டா எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான், அதாவது சாவி இல்லாம படிக்க முடியாத மாதிரி மாத்தித்தான் இருக்கும், ரீசெட் பண்ணினா அதோட சாவி அழிஞ்சுடும், அதுக்கப்புறம் உள்ள இருக்கறதை யாராலயும் படிக்க முடியாது. ஆன் ஆகாத போன்னா வேற கம்ப்யூட்டர்லேர்ந்து அக்கவுண்ட்ல போய் அந்தக் கருவியை நீக்கிட்டு, சேமிப்பை அழிச்சதுக்கு சான்றிதழ் குடுப்பீங்களான்னு கேட்டு வாங்கிக்கலாம். லேப்டாப்ல பழைய ஹார்டு டிஸ்க்னா முழுசா ஒரு தடவை மேல எழுதி அழிக்கணும், புது லேப்டாப்கள்ல டிஸ்குக்குப் பதிலா வர்ற எஸ்எஸ்டின்னா அதைச் செஞ்ச கம்பெனி குடுக்கற அழிப்புக் கருவியையே யூஸ் பண்ணணும், அதுல மேல எழுதறது எல்லா இடத்தையும் தொடாது.

பேட்டரி உப்பியிருந்தா மட்டும் கதை வேற. ஸ்க்ரீன் லேசா தூக்கியிருக்கு, பின் மூடி பிதுங்குதுன்னா அதை கூரியர்ல போடவே கூடாது, உடைஞ்ச லித்தியம் பேட்டரியை விமானத்துல ஏத்தறதுக்குத் தடையே இருக்கு. குத்தாதீங்க, அமுக்காதீங்க, சார்ஜ் போடாதீங்க, தீப்பிடிக்கற பொருள் பக்கத்துல இல்லாத இடத்துல தனியா வெச்சுட்டு கம்பெனிக்குப் போன் பண்ணி நேர்ல எங்க குடுக்கலாம்னு கேளுங்க. குப்பைத் தொட்டியில போட்டா குப்பை லாரி அமுக்கறப்ப எரியும், அந்த லாரியை ஓட்டறவங்களும் மனுஷங்கதான்.

கம்பெனி பொறுப்புன்னு சொல்றப்ப பழசை வாங்கிக்கறதோட அது முடியறதில்லைன்னும் நான் நினைக்கறேன். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு இலவச அப்டேட் பொதுவா நின்னு போச்சு, விண்டோஸ் 11 ஏறாத எத்தனையோ கம்ப்யூட்டர் நல்லாவே ஓடிட்டிருக்கு, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கற லினக்ஸ் போட்டா இன்னும் பல வருஷம் ஓடும். சாஃப்ட்வேரை நிறுத்தி ஒரு பொருளைக் குப்பையாக்கிட்டு அந்தக் குப்பையை நாங்க எடுத்துக்கறோம்னு சொல்றதை எப்படிப் பொறுப்புன்னு ஏத்துக்கறது? ஐரோப்பாவுல 2025 ஜூன் 20லேர்ந்து ஸ்மார்ட்போனுக்கு வந்திருக்கற விதிகள் எனக்கு நம்பிக்கை தருது, ஒரு மாடலை விக்கறதை நிறுத்தினதுக்கப்புறமும் குறைஞ்சது 5 வருஷம் ஓஎஸ் அப்டேட், 7 வருஷம் உதிரி பாகம். 2027 பிப்ரவரியிலேர்ந்து பேட்டரியை யூஸ் பண்றவங்களே கழட்டி மாத்தற மாதிரி செய்யணும்னு இன்னொரு சட்டமும் வருது, அதுல சில விலக்கு இருக்கு, இருந்தாலும் போற திசை சரியான திசை. 1990ல சொன்ன அந்த ஸ்க்ரூவா பசையாங்கற நியாயம் இப்பதான் போன் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

உங்க பகுதியில இந்த வசதி இருக்கான்னே தெரியலைன்னா கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் போடுங்க. பொருளோட மாடல் நம்பரைப் போட்டு, இதை எங்க குடுக்கணும், அனுப்பற செலவு யாரோடது, கடைசியா எந்த ஆலைக்குப் போகும், அழிச்சதுக்கு சான்றிதழ் வருமா, இந்த நாலையும் கேட்டா போதும். தொலைபேசியில கேக்கறதைவிட மெயில் நல்லது, பதில் எழுத்துல இருக்கும். சார்ஜர், கேபிள், பழைய மவுஸ் எல்லாம் அதே பெட்டியில போடலாமான்னும் சேர்த்துக் கேளுங்க, வேற கம்பெனிப் பொருளையும் எடுத்துக்கறவங்க இருக்காங்க. அனுப்பினதுக்கப்புறம் ரசீது நம்பரை சான்றிதழ் கைக்கு வர்ற வரைக்கும் பத்திரமா வெச்சுக்கோங்க, வரலைன்னா அந்த நம்பரைப் போட்டு திரும்ப எழுதுங்க.